மோத்தி நின்ற இடம்

1

வருகிற வியாழக்கிழமை என் நைனாவுக்குத் திவசம். எங்கள் ராயப்பேட்டைப் பக்கத்தில் அப்பாவை நைனா என்று கூப்பிடுகிறவர்கள் நிறைய. மலாயாவுக்கு வந்து பதினாறு வருஷத்தில் நடை, உடை, சாப்பாடு எல்லாம் மாறிவிட்டன. இந்த ஒரு வார்த்தையை மட்டும் மாற்றிக்கொள்ள மனம் வரவில்லை.

நான் இங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருக்கிறேன். ஊரில் இருக்கிறவர்கள் கிராணி என்றால் பெரிய உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விடிவதற்கு முன்னால் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் படிப்பதும், பிறகு துரை திட்டுவதை ஆட்களுக்கும் ஆட்கள் முணுமுணுப்பதைத் துரைக்கும் பக்குவமாக மாற்றிச் சொல்வதும்தான் என் வேலை.

நேற்று என் மனைவி கமலா வாழை இலைக்குச் சொல்லிவிட்டு வந்து கேட்டாள், "மாமாவுக்கு இன்னா புடிக்கும்? படையல்ல வெக்கணுமே." இத்தனை வருஷமாக இட்லியும் வடையும் பாயசமும் வைத்து ஒப்பேற்றியாயிற்று. இந்த வருஷம் ஏனோ அவளுக்குச் சரியாகச் செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

நான் யோசித்துப் பார்த்தேன். நைனாவுக்குப் பிடித்தது என்று எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அது சாராயம். அதையும் அவர் தன் கடைசி எட்டு வருஷம் தொடவில்லை. அதை விட்ட பிறகு அவருக்கு என்ன பிடித்திருந்தது, எதை ஆசையாகச் சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது. பக்கத்துத் தோட்டத்து மருந்து கொடுப்பவர், நல்ல மனிதர், யதார்த்தமாகத்தான் சொன்னார்: செத்தவர் ஆசைப்பட்டதை வைக்காவிட்டால் அவருடைய மனம் ஆறாது, ஒரு சின்னக் குப்பி வைத்தால் குறைந்தா போய்விடும் என்று. நான் அவரிடம் கோபித்துக்கொண்டேன். அவருக்கு என்ன தெரியும் பாவம்.

போன சனிக்கிழமை என் மகள் என் கையை உதறிவிட்டாள். படையல் பேச்சும் இதுவும் ஒரே வாரத்தில் சேர்ந்துகொண்டதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

நைனா ஜட்கா ஓட்டினார். லஸ் முனையில் வண்டிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் அவருக்கு ஓர் இடம் உண்டு. அடுத்த வண்டி காசிம் பாயுடையது. கோவிலுக்குப் போகிறவர்கள், சாந்தோம் மாதா கோவில் பூசைக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பங்கள், கோர்ட்டுக்குப் போகிற வக்கீல்கள், அடையாற்றுப் பக்கம் காற்று வாங்கப் போகிறவர்கள் என்று நாள் முழுக்கச் சவாரி. பொழுது சாய்ந்ததும் ராயப்பேட்டைக்குப் போகிற பெரிய ரோட்டில் வண்டியை வீட்டுக்குத் திருப்புவார்.

அந்த ரோட்டில் பாதி வழியில், ஒரு புளியமரத்துக்குப் பக்கத்தில், சாராயக்கடை. தினமும் அங்கே வண்டி நிற்கும். நைனா உள்ளே போவார். அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ கழித்து வெளியே வருவார். அதுவரை குதிரை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருக்கும். வந்து ஏறிச் சாய்ந்துகொள்வார். அதற்குப் பிறகு லகானுக்கு வேலை இல்லை. குதிரையே வீடு கொண்டுவந்து சேர்க்கும். அவரைக் கீழே இறக்குவது அம்மாவின் வேலை.

அது வெள்ளைப் பெண் குதிரை. பெயர் மோத்தி. அந்தப் பெயர் வைத்தது காசிம் பாய்; அவர்கள் பேச்சில் முத்து என்று அர்த்தம். நைனா எங்கள் யாரையும் செல்லமாகக் கூப்பிட்டது இல்லை. மோத்தியை மட்டும் கண்ணு என்பார். எனக்கு அந்தக் குதிரையின் மேல் அப்போது பொறாமையே இருந்தது.

3

நான் பள்ளிக்கூடப் படிப்பை முடித்து மவுண்ட் ரோட்டில் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்த வருஷம் நைனா குடியை விட்டார். ஏன் விட்டார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒரு நாள் வெளிச்சம் இருக்கும்போதே நேராக உட்கார்ந்துகொண்டு வந்தார், தானே இறங்கினார், சோறு கேட்டார். அம்மாவுக்குக் கை ஓடவில்லை, சோறு வடிக்காமல் வைத்திருந்தாள்.

நைனா விட்டுவிட்டார். மோத்தி விடவில்லை. சாராயக்கடை வந்ததும் தானாக ஓரம் கட்டி நின்றுவிடும். லகானை இழுத்தாலும் சரி, அதட்டினாலும் சரி, அசையாது. கண்ணுக்குப் பட்டை கட்டியிருந்தும் அதற்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. வேறு வழியாகத் திருப்பினால் முரண்டு பிடிக்கும். நைனா கீழே இறங்கி, முகத்துக்குப் பக்கத்தில் லகானைப் பிடித்து நடத்தினால்தான் நகரும்.

சவாரி இருக்கும்போதும் இதே கதைதான். மைலாப்பூர் வக்கீல் வீட்டு அம்மாள் ஒருத்தி பல வருஷமாக நைனாவின் வண்டியில்தான் போவாள். ஒரு நாள் அவளை வைத்துக்கொண்டு அந்த ரோட்டில் போனபோது மோத்தி வழக்கப்படி நின்றுவிட்டது. அந்த அம்மாள் திரையை விலக்கிப் பார்த்திருக்கிறாள். "ஏண்டாப்பா, நாத்தனார் ஆத்துக்கு அழைச்சுண்டு போகச் சொன்னா, நன்னாயிருக்கற எடமாப் பார்த்துக் கொண்டுவந்து நிறுத்திண்டிருக்கயே" என்றாளாம். நைனா அதை எங்களிடம் சொல்லிச் சிரித்தார். அந்த வீட்டுச் சவாரி அதோடு நின்றது. அதற்கு அவர் சிரிக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் என்னைக் கூப்பிட்டார். நான் ஆபீசுக்குப் போகச் சட்டைக் காலருக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவர் அம்மா மூலம்தான் கேட்பார். அன்றைக்கு நேராக வந்து நின்றார்.

"சாயங்காலம் லஸ்ஸாண்ட வரியா நைனா? வண்டில ஏறிக்கோ. கடையாண்ட வந்ததும் நீ எறங்கி மோத்தியப் புடிச்சிக்கினு தாண்டி உட்டுடு. நான் மேலயே குந்திக்கினு இருக்கேன். நான் எறங்கினேன்னா காலு அந்தப் பக்கமே போவுது."

எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளையையும் ஆசையாக நைனா என்று கூப்பிடுவது உண்டு. அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் அதைக்கூட அப்போது கவனிக்கவில்லை.

"நான் இன்னா குதிரைக்காரனா? எல்லாரும் பாப்பாங்க" என்றேன்.

அவர் சரி என்பதுபோல் தலையாட்டிவிட்டு லாயத்துக்குப் போனார். மறுபடி என்னைக் கேட்கவே இல்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு நாள் நான் ஆபீஸ் காரியமாக மைலாப்பூர் போய்விட்டு டிராமில் வந்துகொண்டிருந்தேன். அந்த இடத்தில் டிராம் மெதுவாகப் போகும். நைனா கீழே இறங்கி, மோத்தியின் கழுத்தோடு முகத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கடையைப் பார்க்காமல் நடந்தார். வாசலில் நின்ற பழைய கூட்டாளிகள் குதிரை வருகிறேன் என்கிறது, நீ மட்டும் ஏன் மாட்டேன் என்கிறாய் என்று கேலி செய்தார்கள். ஒருவன் கையைப் பிடித்துக்கூட இழுத்தான். நைனாவின் கால் ஒரு தடவை தடுமாறியதைப் பார்த்தேன். டிராமில் என்னோடு ஆபீஸ் ஆட்கள் இருந்தார்கள். நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கமலாவிடமும் சொன்னதில்லை.

4

மலாயாவுக்கு வந்து இறங்கின முதல் வாரத்தில் எனக்குக் காட்டின இடங்கள் மூன்று: ஆபீஸ், என் வீடு, தோட்டத்துக் கள்ளுக்கடை. கள்ளுக்கடையைத் தோட்டமே நடத்துகிறது. ஆட்களுக்கு முன்பக்கம், கிராணிமாருக்குப் பின்பக்கம் தனி பெஞ்சு. ஊரில் நைனாவின் வாய் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டவன் நான். இங்கே பேச ஆள் இல்லாத சாயங்காலங்களில் அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். முதல் வருஷம் மரியாதைக்கு, இரண்டாம் வருஷம் பழக்கத்துக்கு, அதற்கப்புறம் காரணம் தேவைப்படவில்லை. இடையில் ஊருக்குப் போய்க் கமலாவைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தேன். ஊரில் இருந்த அந்த ஒரு மாதமும் குடிக்கவில்லை. அந்த ரோட்டுப் பக்கமும் போகவில்லை.

எங்கள் மகள் சரோஜா இங்கேதான் பிறந்தாள். நான்கு வயசில் என்னை விட்டு நகரமாட்டாள். சாயங்காலம் உலாத்திவிட்டு வருகிறேன் என்று கமலாவிடம் சொல்லி அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்புவேன். குழந்தையோடு போனால் சீக்கிரம் வந்துவிடுவேன் என்று கமலா நம்பினாள். கள்ளுக்கடைக்கு முன்னால் பாதை ஓரத்தில் ஒரு கல் இருக்கிறது. அதில் அவளை உட்காரவைத்து, கையில் ஒரு பிஸ்கோத்தைக் கொடுத்துவிட்டு நான் பின்பக்கம் போய்விடுவேன். மலாய்க்காரக் காவல்காரர் ஒருவர் அங்கே இருப்பார். அழாமல் இருக்க அவர் அவளுக்கு மலாயில் எண்ணக் கற்றுக்கொடுத்தார். சத்து, துவா, தீகா என்று ஆரம்பித்து நூறு வரைக்கும் எண்ணுவாள். முடிந்தால் மறுபடி முதலில் இருந்து.

இன்று அவள் டவுனில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படிக்கிறாள். தமிழில் பத்துக்கு மேல் எண்ணினால் தடுமாறுகிறாள். கமலா வருத்தப்படும்போது, ஊர் அப்படி, என்ன செய்வது என்று நான் சமாதானம் சொல்வேன். ஊர் மேல் பழி போடுவது சுலபம்.

5

நைனா படுத்த படுக்கை என்று காசிம் பாய் தந்தி அடித்தார். நான் லீவு கேட்டேன். துரை கெட்டவர் இல்லை. எழுத்தில் கொடு, தலைமை ஆபீசுக்கு அனுப்புகிறேன் என்றார். தலைமை ஆபீஸ், வியாதிக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் எங்கே என்று கேட்டது. சென்னையில் இருக்கும் ஜட்காக்காரருக்குச் சர்ட்டிபிகேட் வாங்க நான் காசிம் பாய்க்கு எழுதினேன். கப்பலில் காகிதம் போய் வர எத்தனை நாள் என்று அந்த ஆபீசில் யாருக்கும் தெரியாதா, அவர்களும் கப்பலில் வந்தவர்கள்தானே. நைனா செத்துப் போய் நாற்பது நாள் கழித்து, மூன்று வாரம் லீவு அனுமதிக்கப்பட்டது என்று பதில் வந்தது. அதில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். போட்டு அனுப்பினேன்.

பிறகு காசிம் பாயிடமிருந்து காகிதம் வந்தது. அவருக்கு எழுதத் தெரியாது. தபால் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லி எழுதவைத்திருந்தார். அம்மா சிந்தாதிரிப்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள், மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்துப் புதுசாகப் போட்ட தெருக்களில் எல்லாம் பஸ் ஓடுகிறது, ஜட்காவுக்கு முன்போல மதிப்பு இல்லை, மோத்தியைத் தானே வாங்கிக்கொண்டேன் என்று எல்லாம் இருந்தது. கடைசியில் இப்படி:

"தம்பி, ஒரு விசயம் சொல்லணும். மோத்தி இப்பல்லாம் அந்தக் கடை வாசல்ல நிக்கறதில்ல. இருபது அடி முன்னாடியே நின்னுடுது. உங்க நைனா கடைசி வருசங்கள்ல அந்த எடத்துலயே எறங்கிடுவாரு. அவரு எறங்கி வந்து புடிக்கட்டும்னு நின்னுக்கினு கீது. அடிச்சாலும் போவல. நான் எறங்கிப் புடிச்சாத்தான் நடக்குது. கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. எங்க மார்க்கத்துல குடி ஹராம், நான் வாயில வெச்சதில்ல. இப்ப தெனம் எறங்கி நடக்கறேன். பாக்கறவன் பாயும் குடிச்சி உட்டவரு போலன்னு நெனச்சிக்கறான். நெனச்சிக்கட்டும்."

நான் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். படித்து மனம் திருந்தினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை என்னவென்றால் நேராகப் பின்பக்கப் பெஞ்சுக்குப் போனேன். மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை.

6

அதற்கப்புறம் சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம். துரை வீட்டில் ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டு வர வேண்டியிருந்தது. துரை வீடு கள்ளுக்கடையைத் தாண்டித்தான். சரோஜாவும் என்னோடு வந்தாள். அன்றைக்கு எனக்குக் குடிக்கும் எண்ணம் இல்லை. அவசர வேலை.

கடைக்குக் கொஞ்சம் முன்னால் அவள் நின்றுவிட்டாள். என் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டு போய், பாவாடையைச் சரி செய்துகொண்டு, அந்தக் கல்லில் உட்கார்ந்தாள்.

"நீ போய்ட்டு வாப்பா. நான் எண்ணிக்கினு இருக்கேன்" என்றாள்.

அவள் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம் இல்லை. சாயங்காலம் என்றால் அந்தக் கல் என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். ஐந்து வயசு. அதைக் கற்றுக்கொடுத்தவன் நான். சட்டைப்பையில் காசிம் பாயின் காகிதம் இருந்தது. அவள் கையைப் பிடித்து எழுப்பினேன். எழுந்திருக்க மாட்டேன் என்றாள், இன்னும் பிஸ்கோத்து கொடுக்கவில்லையே என்றாள். கையைப் பிடித்தபடியே அந்தக் கடையைத் தாண்டி நடந்தேன்.

அது முதல் நாள். அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆபீசில் எழுத்து கோணியது, வேர்த்துக் கொட்டியது, கமலாவிடம் காரணம் இல்லாமல் எரிந்து விழுந்தேன். அவள் அந்த நேரத்துக்குச் சுக்குக் காப்பி போட்டு வைத்துவிட்டு எட்டத்தில் போய் நின்றுகொள்வாள். இரண்டு மாதம் தாக்குப்பிடித்துத் தீபாவளியன்று விழுந்தேன். மறுநாள் சரோஜா சாயங்காலம் ஆனதும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து கையை நீட்டினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கடையைத் தாண்டிப் போனேன். அதோடு சரி. ஏழு வருஷம் ஆகிறது.

பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகும் சனிக்கிழமை தோறும் வருவாள். பஸ் நிற்கும் சந்தியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் அந்தக் கடை. அந்த இடம் வந்ததும் அவள் கையை நான் பிடித்துக்கொள்வேன், தாண்டினதும் விட்டுவிடுவேன். மற்ற நாட்களில் ஆபீசிலிருந்து காட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். கிராணிக்கு உடம்பு இளைக்க ஆசை என்று கேலி பேசுகிறார்கள்.

7

போன சனிக்கிழமை சரோஜாவோடு பெரிய கிராணியின் மகளும் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். இருவரும் ஒரே வகுப்பு. இங்கிலீஷும் மலாயுமாகப் பேசிச் சிரித்துக்கொண்டு முன்னால் நடந்தார்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். கடை கண்ணில் பட்டதும் எட்டி நடந்து போய் வழக்கம்போல் அவள் கையைப் பிடித்தேன்.

"விடுங்கப்பா. எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். உதறிவிட்டு, கூட வந்த பெண்ணைப் பார்த்து வெட்கமாகச் சிரித்தாள். பிறகு இருவரும் வேகமாக நடந்துவிட்டார்கள். அவள் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. பன்னிரண்டு வயசுப் பெண்ணின் கையைப் பிடித்து நடத்தும் தகப்பனை எந்தப் பெண் பொறுத்துக்கொள்வாள்? அவள் கேட்டது நியாயம். நான் நைனாவிடம் சொன்னபோது எனக்கு வயசு இருபது.

அன்று இரவு சாப்பிடும்போது அவளுக்குத் தாத்தாவைப் பற்றிச் சொல்ல முயற்சி செய்தேன். ஜட்கா என்றேன். அவளுக்குத் தெரியவில்லை. குதிரை வண்டி என்றேன். டவுனில் குதிரைப் பந்தயம் நடக்கிறதே, அந்தக் குதிரையா என்று கேட்டாள். மோத்தி எப்போதோ செத்திருக்கும். காசிம் பாயிடமிருந்தும் மூன்று வருஷமாகக் காகிதம் இல்லை. நான் மேலே சொல்லவில்லை.

கல்லில் உட்கார்ந்து எண்ணினாயே, ஞாபகம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். அவள் தட்டைப் பார்த்தபடியே, இருக்கிறது என்றாள்.

அந்தச் சனிக்கிழமை அவர்கள் முன்னால் போன பிறகு நடந்ததை எழுதாமல் விட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன். கடைக்கு இருபது அடி இருக்கும்போது என் கால் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் போகவும் இல்லை, இந்தப் பக்கம் நகரவும் இல்லை. கள் வாடை வந்தது. பின்பக்கப் பெஞ்சிலிருந்து யாரோ கிராணி ஐயா என்று கூப்பிட்டார்கள். சரோஜா கடைக்கு அப்பால் இருக்கும் பாலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. நைனா என்னைக் கேட்ட அந்த ஒரு காரியத்தை நினைத்துக்கொண்டு நின்றேன். எட்டு வருஷம் ஒவ்வொரு நாளும் அவர் தனியாக இறங்கியிருக்கிறார்.

பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன். கையைப் பிடிக்க யாரும் வரவில்லை. தோளுக்கு மேலே பெட்டியைத் தாங்கிய இடது கையின் மணிக்கட்டை வலது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கடையைத் தாண்டின பிறகுதான் விட்டேன்.